அம்புக்குறி எந்தப் பக்கம்: நிபந்தனை விதிகளைத் தாளில் எழுதும் முறை

முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கிறாராம், பயிற்சிக்காக அமெரிக்காவின் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையான எல்சாட்டின் பழைய வினாத்தாள்களையும் எடுத்துச் செய்கிறாராம். 'இது நடந்தால் அது நடக்க வேண்டும்' என்ற மாதிரி விதிகள் நாலைந்து சேர்ந்து வந்தவுடன் தலை சுற்றுகிறது, எல்லாவற்றையும் வரைந்தால் நேரம் போய்விடுகிறது, வரையாமல் விட்டால் விடை பிழைக்கிறது, என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

நான் கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு அளவையியல் படிப்பிக்கிறேன், இந்த வகைக் கேள்வியோடுதான் தினமும் பொழுது போகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன் தங்கச்சி, பொறுமையாக வாசியுங்கள், பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேரம் போவது வரைவதால் இல்லை. விதியை வாசித்த வேகத்தில் அரைகுறையாக எழுதிவிட்டு, பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் திரும்பத் திரும்ப அந்த வசனத்தை வாசிக்கப் போகிறீர்களே, அங்கேதான் நேரம் கரைகிறது. பிழைகளில் பெரும்பங்கும் கணக்குச் செய்யும் இடத்தில் வருவதில்லை, வசனத்தை அம்புக்குறியாக மாற்றும் அந்த ஒரு நொடியில்தான் வருகிறது. அந்த நொடியைச் சரியாக்கிவிட்டால் மிச்சம் தானாக வரும்.

'நெருப்பில்லாமல் புகையாது' என்று சொல்கிறோமே, அதையே எடுங்கள். நெருப்பு இல்லையென்றால் புகை இல்லை. இதையே மறுபக்கமாகச் சொன்னால், புகை இருந்தால் நெருப்பு இருக்கிறது. இரண்டும் ஒரே செய்தி, ஒரு துளி கூடக் கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஆனால் 'நெருப்பு இருந்தால் புகை இருக்கும்' என்று யாரும் சொல்லவில்லை. காஸ் அடுப்பில் நெருப்பு எரிகிறது, புகை எங்கே? இந்த மூன்று வசனங்களையும் மனதில் பிரித்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. குறியில் எழுதினால்:

புகை → நெருப்பு
~நெருப்பு → ~புகை

அம்புக்கு முன்னால் இருப்பது நடந்தால் பின்னால் இருப்பது கட்டாயம். '~' என்றால் 'இல்லை'. அளவையியல் வகுப்பில் போடும் அதே குறிதான், உங்களுக்கு வேறு குறி பழக்கமென்றால் எழுத்துக்கு மேல் ஒரு கோடு போட்டாலும் சரி. முதல் வரியிலிருந்து இரண்டாவது வரி எப்படி வந்தது? இரண்டு பக்கத்தையும் இடம் மாற்றி, இரண்டுக்கும் 'இல்லை' போட்டோம். இரண்டு வேலையும் சேர்ந்தே நடக்க வேண்டும். இடத்தை மட்டும் மாற்றினால் பிழை, 'இல்லை'யை மட்டும் போட்டாலும் பிழை. பரீட்சையில் கொடுக்கும் பிழையான விடைகளில் பல இந்த இரண்டு அரைவேலைகளில் ஒன்றாகத்தான் இருக்கும், வேண்டுமென்றே அப்படித்தான் அமைப்பார்கள்.

சரி, இப்போது ஒரு முழுப் புதிர் செய்வோம். ஒரு கமக்காரர் சிறுபோகத்துக்கு என்ன பயிர் போடலாம் என்று பார்க்கிறார். உளுந்து, பயறு, கச்சான், எள்ளு, சோளம், மிளகாய், வெங்காயம் என்று ஏழு பயிர். விதிகள் இவை:

உளுந்து போட்டால் பயறு போட முடியாது.
கச்சான் போடாவிட்டால் எள்ளு போட வேண்டும்.
பயறு போட்டால் மட்டுமே சோளம் போடலாம்.
உளுந்து போடாவிட்டால் மிளகாய் போட முடியாது.
எள்ளு போட்டால் சோளமும் வெங்காயமும் போட வேண்டும்.

தொடங்க முன்னர் ஒன்று. உங்கள் வீட்டிலும் கமம் இருக்கலாம், 'உளுந்தும் பயறும் ஒரே போகத்தில் நாங்கள் போடுகிறோமே' என்று தோன்றலாம். அந்த அறிவைப் படலைக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள். புதிருக்குள் விதி சொல்வது மட்டும்தான் உண்மை. கெட்டிக்காரப் பிள்ளைகள் பிழைவிடுகிற இடங்களில் இதுவும் ஒன்று, தெரிந்த விடயம் என்பதால் விதியை வாசிக்காமல் நினைவிலிருந்து எழுதிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு பயிருக்கும் முதல் எழுத்து: உ, ப, க, எ, சோ, மி, வெ. வெங்காயத்துக்குப் பதிலாகக் கத்தரி கொடுத்திருந்தால் 'க' இரண்டு பயிருக்கு வந்து குழப்பும், அப்படி வரும்போது ஒன்றுக்கு வேறு எழுத்து வைத்துவிடுங்கள்.

முதல் விதி: உ → ~ப. திருப்பினால் ப → ~உ. ஆக இரண்டும் சேர்ந்து வராது. இரண்டும் வராமல் போகலாம், அதை விதி தடுக்கவில்லை.

இரண்டாவது விதியில்தான் பலர் வழுக்குகிறார்கள். ~க → எ. திருப்பினால் ~எ → க. அதாவது இரண்டில் ஒன்றாவது வரவேண்டும். இரண்டும் வரலாமா? தாராளமாக வரலாம். கச்சான் போட்டுவிட்டால் இந்த விதி தூங்கிவிடும், எள்ளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. முதல் விதியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 'இல்லை' அம்புக்குப் பின்னால் நின்றால் 'இரண்டும் சேராது', முன்னால் நின்றால் 'இரண்டும் இல்லாமல் இருக்க முடியாது'. ஒரு குறி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் கருத்தே தலைகீழாகிறது.

மூன்றாவது விதிக்கு வருவோம், இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 'பயறு போட்டால் மட்டுமே சோளம் போடலாம்.' வாசித்தவுடன் கை தானாக ப → சோ என்று எழுதப் பார்க்கும், ஏனென்றால் '-ஆல்' என்று வரும் பகுதி அம்புக்கு முன்னால் போகும் என்று பழகிவிட்டோம். 'மட்டுமே' ஒட்டிக்கொண்டால் அது அம்புக்குப் பின்னால் போய்விடும். சோளம் போட்டிருக்கிறாரா, அப்படியானால் பயறு கட்டாயம் இருக்கும். பயறு போட்டவர் சோளமும் போட வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை, போடலாம் என்றுதானே சொன்னார்கள். எனவே சோ → ப. திருப்பினால் ~ப → ~சோ.

சந்தேகம் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த விதி எப்போது உடையும்? பயறு இல்லாமல் சோளம் போட்டால் உடையும். பயறு இருந்து சோளம் இல்லையென்றால் உடையாது. இரண்டும் இருந்தாலும் உடையாது, இரண்டும் இல்லாவிட்டாலும் உடையாது. எந்த நிபந்தனை விதியும் ஒரேயொரு நிலைமையில்தான் உடையும், முன்பகுதி நடந்து பின்பகுதி நடக்காதபோது. உடையும் நிலைமையைக் கண்டுபிடித்துவிட்டால் அம்பின் திசை தானாகத் தெரியும். வசனம் எவ்வளவு சுற்றிவளைத்து இருந்தாலும் இந்தக் கேள்வி கைவிடாது.

இது மனிதர்களுக்கு இயல்பாக வராது என்பதைப் பரிசோதனை செய்தே காட்டியிருக்கிறார்கள். 1966இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் நாலு அட்டைகளை வைத்து ஒரு சோதனை உருவாக்கினார். அதை நம் எழுத்தில் சொன்னால் இப்படி: அ, க, 4, 7 என்று நாலு அட்டை, ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். 'ஒரு பக்கத்தில் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கத்தில் இரட்டை எண்' என்ற விதி உண்மையா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? பெரும்பாலானவர்கள் அ, 4 என்கிறார்கள், அல்லது அ மட்டும் என்கிறார்கள். சரியான விடை அ, 7. நாலுக்குப் பின்னால் என்ன இருந்தாலும் விதி உடையாது. ஏழுக்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால்தான் உடையும். சரியாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்கும் குறைவு. ஆகவே உங்களுக்குக் குழம்புகிறது என்றால் அது உங்களுடைய குறை இல்லை தங்கச்சி, எல்லோருக்கும் அப்படித்தான், கையால் எழுதிப் பழகித்தான் மாற்ற முடியும்.

நாலாவது விதி: ~உ → ~மி. இரண்டு 'இல்லை' வந்தால் எழுதிய கையோடு திருப்பிவிடுங்கள்: மி → உ. வாசிக்க இலகு. 'உளுந்து போட்டாலொழிய மிளகாய் போட முடியாது', 'உளுந்து இன்றி மிளகாய் இல்லை' என்றெல்லாம் கேட்டாலும் இதே விதிதான்.

ஐந்தாவதில் 'உம்' சேர்ந்து வருகிறது. எ → சோ மற்றும் வெ. திருப்பும்போது 'மற்றும்' என்பது 'அல்லது' ஆகிவிடும்: ~சோ அல்லது ~வெ → ~எ. சோளம், வெங்காயம் இரண்டில் ஒன்று இல்லாமல் போனாலே போதும், எள்ளு போட முடியாது. இதை எ → சோ, எ → வெ என்று இரண்டு தனி அம்பாக உடைத்தும் எழுதலாம், எனக்குப் பிடித்தது அதுதான், சங்கிலி கோக்க வசதி. ஆனால் கவனம்: 'மற்றும்' அம்புக்கு முன்னால் வந்தால் உடைக்க முடியாது. 'சோளமும் வெங்காயமும் போட்டால் எள்ளு' என்ற விதியில் சோளம் மட்டும் இருந்தால் ஒன்றும் நடக்காது. முன்னால் 'அல்லது' வந்தால் உடைக்கலாம், பின்னால் 'அல்லது' வந்தால் உடைக்க முடியாது.

இப்போது தாளின் ஒரு மூலையில் ஐந்து வரி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் திருப்பம். இவ்வளவுதான் 'படம்'. கட்டம், வட்டம் ஒன்றும் வேண்டாம். இனித்தான் முக்கியமான வேலை: ஒரு அம்பு முடிகிற எழுத்தில் இன்னொரு அம்பு தொடங்குகிறதா என்று பார்த்து இணைப்பது. மிளகாயிலிருந்து தொடங்குவோம்.

மி → உ → ~ப → ~சோ → ~எ → க

ஐந்து விதியும் ஒரே கோட்டில் வந்துவிட்டன. மிளகாய் போட்டால் கச்சான் கட்டாயம். மிளகாயையும் கச்சானையும் சேர்த்துச் சொல்லும் விதி ஒன்றுமே இல்லை, ஆனாலும் முடிவு உறுதி. கேள்வி கேட்பவர் இதைத்தான் கேட்பார். சங்கிலியை அப்படியே கடைசியிலிருந்து திருப்பினால்:

~க → எ → சோ → ப → ~உ → ~மி

இதோடு எள்ளிலிருந்து வெங்காயத்துக்கு ஒரு கிளை போகிறது. இப்போது பாருங்கள், கச்சான் போடாவிட்டால் ஏழு பயிருக்கும் முடிவு கிடைத்துவிடுகிறது: எள்ளு, சோளம், பயறு, வெங்காயம் உண்டு, உளுந்தும் மிளகாயும் இல்லை. கச்சான் இல்லாத திட்டம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். 'கச்சான் போடவில்லை என்றால் பின்வருவனவற்றுள் எது உண்மையாக இருக்க வேண்டும்' என்று கேட்டால் நீங்கள் கணக்குச் செய்ய வேண்டியதே இல்லை, பார்த்து எழுத வேண்டியதுதான்.

ஆகக் கூடியது எத்தனை பயிர் போடலாம்? உளுந்து போட்டால் பயறு, சோளம், எள்ளு மூன்றும் போய்விடும், மிச்சம் நாலு. உளுந்து போடாவிட்டால் மிளகாய் மட்டும்தான் கூடப் போகும், மிச்சம் ஐந்து. அந்த ஐந்தும் விதிகளோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், ஒத்துப்போகும், கச்சானும் எள்ளும் சேர்ந்தே இருக்கின்றன, அதுதான் இரண்டாவது விதியில் சொன்னது. விடை 5. ஆகக் குறைந்தது எத்தனை? கச்சான் ஒன்று மட்டும் போட்டாலே எல்லா விதியும் திருப்தி, விடை 1.

சங்கிலியில் நடக்கும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு, அம்பு காட்டும் பக்கம் மட்டும்தான் போகலாம். கேள்வியில் 'கச்சான் போட்டார்' என்று கொடுத்தால் மேலே உள்ள முதல் சங்கிலியில் கச்சான் கடைசியில் நிற்கிறது, அங்கிருந்து போக வழியில்லை. பின்னோக்கி நடந்து 'அப்படியானால் மிளகாய் போட்டிருக்கிறார்' என்று சொல்லக்கூடாது. எங்கள் வீதியில் சொன்னால், கொழும்பிலிருந்து ஏ9ஆல் வருகிற ஒரு பஸ் முறிகண்டியில் நின்றால் அது வவுனியாவைத் தாண்டி வந்திருக்கிறது, ஆனால் வவுனியாவுக்கு வருகிற பஸ் எல்லாம் முறிகண்டிக்குப் போவதில்லை. 'கச்சான் போட்டார்' என்ற தகவலிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும் ஒரு விடைதான், அதை எழுதப் பயப்பட வேண்டாம்.

வசனம் வாசிப்பதில் இன்னும் சில இடங்கள் இருக்கின்றன. 'பயறு போடக் கூடாது' வேறு, 'பயறு போட வேண்டியதில்லை' வேறு. இரண்டாவது ஒரு விதியே இல்லை, விருப்பம்போல் செய்யலாம் என்று அர்த்தம், அதற்கு அம்பு போட்டீர்களென்றால் முழுப் புதிரும் கெட்டுவிடும். 'போட்டாலும்' என்று 'உம்' ஒட்டி வந்தாலும் அப்படித்தான், அங்கே நிபந்தனை இல்லை. 'ஆல்' என்ற சொல்லே இல்லாமலும் நிபந்தனை வரும்: 'சோளம் போடுகிற எவரும் பயறும் போடுவார்', 'சோளத்துக்குப் பயறு அவசியம்', இவையும் சோ → ப தான். 'இருந்தால், இருந்தால் மட்டுமே' என்று இரண்டும் சேர்ந்து வந்தால் அம்பு இரண்டு பக்கமும், அது மட்டும்தான் நீங்கள் விரும்பிய பக்கம் நடக்கக்கூடிய விதி.

பெயர்களையும் அப்படியே நம்பக் கூடாது, வரையறையைப் பாருங்கள். வன்னித் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிப்பவர் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். கிளிநொச்சியில் இருக்கிற நானும் வன்னிதான், ஆனால் என் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருகிறது. 'வன்னியில் வசித்தால் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் வாக்கு' என்று அம்பு போட்டால் ஒரு முழு மாவட்டமே அதை உடைத்துவிடும். ஒரே சொல் இரண்டு வசனத்தில் வந்தால் இரண்டிலும் ஒரே பொருளில்தான் வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சங்கிலியைக் கோத்துக்கொள்ளுங்கள்.

வரிசைப் புதிரில் நிபந்தனை வந்தால் 'இல்லை' போடுவதில் ஒரு நெளிவு உண்டு. விவாதப் போட்டியில் ஆறு அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசுகின்றன, 'மாங்குளம் அணி துணுக்காய் அணிக்கு முன் பேசினால் நெடுங்கேணி அணி கடைசியாகப் பேச வேண்டும்' என்று வைத்துக்கொள்வோம். திருப்பினால், நெடுங்கேணி கடைசியாகப் பேசாவிட்டால் மாங்குளம் துணுக்காய்க்கு முன் பேசவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு அணி பேச முடியாது, எனவே 'முன் பேசவில்லை' என்பதைத் 'துணுக்காய் முன், மாங்குளம் பின்' என்று எழுதிவிடலாம். ஒரே நேரத்தில் இருவர் வரலாம் என்று புதிர் அனுமதித்தால் இப்படி எழுதக் கூடாது. இரண்டு குழுவாகப் பிரிக்கும் புதிரும் இப்படித்தான்: எல்லோரும் ஏதாவது ஒரு குழுவில் இருக்க வேண்டுமென்றால் 'முதல் குழுவில் இல்லை' என்பது 'இரண்டாம் குழுவில்' என்றாகிவிடும். மூன்று குழு வந்தால் ஆகாது.

எல்சாட் பழைய வினாத்தாள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த வகைப் புதிர்ப் பகுதி அந்தப் பரீட்சையில் 2024 ஓகஸ்ட் முதல் இல்லை. பார்வையற்ற ஒரு பரீட்சார்த்தி, படம் வரைய வேண்டியிருக்கும் இந்தப் பகுதி தன்னைப் போன்றவர்களுக்கு அநீதி என்று தொடுத்த வழக்கு 2019இல் சமரசமாக முடிந்தது, அதன் பிறகுதான் மாற்றம் வந்தது. அது நியாயமான மாற்றம் என்றே நினைக்கிறேன். நிபந்தனை வாதங்கள் மட்டும் அங்கே இன்னும் தர்க்கப் பகுதியில் பந்தி வடிவில் வருகின்றன. பழைய தாள்கள் உங்களுக்கு நல்ல பயிற்சிதான், விதிகளை இருபொருள் வராமல் எழுதியிருப்பார்கள். 35 நிமிடத்தில் 4 புதிர், ஒன்றுக்கு 9 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் முதல் 3 நிமிடத்தை விதி எழுதுவதற்கும் திருப்புவதற்கும் சங்கிலி கோப்பதற்கும் மட்டும் ஒதுக்குங்கள், அதுவரை கேள்விகளைப் பார்க்கவே வேண்டாம். ஆரம்பத்தில் நேரம் போவதுபோல இருக்கும். சங்கிலி கையில் வந்த பிறகு கேள்விகள் கெதியாக முடிந்துவிடும். தொடங்கும் கொஞ்ச நாளைக்கு நேரம் பார்க்காமல் செய்யுங்கள், திருப்பம் யோசிக்காமல் வரத் தொடங்கிய பிறகு மணிக்கூட்டை வையுங்கள்.

இன்றைக்குச் செய்து பார்க்க ஒன்று தருகிறேன். மேலே உள்ள கமக்காரருக்கு மூன்றாவது விதியை மட்டும் 'சோளம் போட்டால் மட்டுமே பயறு போடலாம்' என்று மாற்றுங்கள், மற்ற நாலும் அப்படியே இருக்கட்டும். சங்கிலியைப் புதிதாகக் கோத்து, ஆகக் கூடியது எத்தனை பயிர் போடலாம் என்று பாருங்கள். 6 வர வேண்டும், பயறு மட்டும் விடுபடும். மறுபடியும் 5 வந்தால் மூன்றாவது அம்பு இன்னும் பழைய பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது, அந்த ஒரு வரியைத் திரும்ப எழுதுங்கள்.